தடை முடிந்த பிறகும் தொடரும் பெயரெச்சம்

ஊக்கமருந்துத் தடை முடிந்து களத்துக்குத் திரும்பும் வீராங்கனையைப் பற்றிய செய்திகளில் பெயருக்கு முன்னால் ஒரு சொல் வந்து உட்கார்ந்துகொள்ளும்: 'சிக்கிய'. இலக்கணப்படி அது இறந்தகாலப் பெயரெச்சம். தண்டனை முடிந்து ஆண்டுகள் கழிந்தாலும் அது பெயரை விட்டு இறங்குவதில்லை.

2010 டெல்லி காமன்வெல்த் போட்டியில் 4 × 400 மீட்டர் தொடர் ஓட்டத்தில் இந்தியப் பெண்கள் தங்கம் வென்றார்கள். அந்த நால்வரில் சினி ஜோஸ், அஸ்வினி அக்குஞ்சி, மன்தீப் கௌர் மூவரும் அடுத்த ஆண்டே ஸ்டீராய்டு சோதனையில் சிக்கினார்கள். பயிற்சியாளர் யூரி ஒகொரோத்னிக் கொடுத்த ஜின்செங் வழியாகத்தான் அது உடலுக்குள் வந்தது என்றார்கள். அவர் நீக்கப்பட்டார். இங்கே விதித்த ஓராண்டுத் தடையை 2012இல் சர்வதேச விளையாட்டு நடுவர் நீதிமன்றம் இரண்டாண்டாக்கியது.

உடலில் எது இருந்தாலும் விளையாடுபவரே பொறுப்பு என்பது விதி. அதன் நியாயம் எனக்குப் புரிகிறது. 'தெரியாது' என்ற ஒரு சொல்லில் எல்லோரும் தப்பிவிட்டால், எதையும் தொடாமல் ஓடி நான்காவதாக வந்தவளுக்கு யார் பதில் சொல்வது? ஆனால் பயிற்சி முகாமில் எதைச் சாப்பிடுவது, எப்போது தூங்குவது என்பதையெல்லாம் பிறர்தான் முடிவு செய்கிறார்கள். பதக்கம் வாங்கினால் அது தேசத்தின் உடல். சோதனையில் தோற்றால் அவளுடைய உடல். இந்தக் கணக்கு நமக்குப் புதிதில்லை. நல்லது நடந்தால் குடும்பப் பெருமை, கெட்டது நடந்தால் 'உன் புத்தி எங்கே போச்சு?' என்று கேட்கும் வீடுகளில்தானே நாம் வளர்ந்தோம்.

பெண்களை மட்டுமே இப்படித் தூற்றுகிறார்கள் என்று சொல்லிவிட முடியாது. 2017இல் லண்டனில் உசேன் போல்ட்டை முந்தித் தங்கம் வென்ற ஜஸ்டின் காட்லினை அரங்கமே கூச்சலிட்டு அவமதித்தது. தனி ஆளைத் தூற்றுவது கூட்டத்துக்கு எளிது. அவரைச் சுற்றியிருந்த ஏற்பாடு யார் கண்ணிலும் படுவதில்லை.

நம் கைதட்டலும் அப்படித்தான். 2014 இன்சியான் ஆசியப் போட்டியில் இதே தொடர் ஓட்டத்தில் இந்தியா மீண்டும் தங்கம் வென்றது. அணியில் தடை முடிந்து திரும்பிய மன்தீப் கௌரும் பிரியங்கா பன்வாரும் இருந்தார்கள். ஒகொரோத்னிக்கும் பயிற்சிக்குத் திரும்பியிருந்தார். பழைய கோபத்தை மறந்து மகிழ்ந்தோம். முகாமில் என்ன மாறியிருக்கிறது என்று நம்மில் எத்தனை பேர் கேட்டோம்? 2016இல் பிரியங்கா மறுபடி சிக்கினார், எட்டாண்டுத் தடை.

இரண்டாம் முறை சிக்கியவருக்காக வாதாட நான் இதை எழுதவில்லை. தண்டனை முடித்துத் திரும்புபவளை ஓட விடுவோம், சோதனை கடுமையாகவே இருக்கட்டும். அதோடு மாத்திரையை எடுத்துக் கொடுத்தவர் யார், வாங்க அனுமதித்தவர் யார் என்பதையும் செய்தியில் தேடிப் படிப்போம். 'சிக்கிய' என்ற சொல்லுக்கு அருகே 'கொடுத்த' என்ற பெயரெச்சம் எத்தனை முறை வருகிறது என்று எண்ணிப் பாருங்கள்.