முள்வேலியும் மக்கள் மனமும்

தடைகளைப் பெருக்கினால் தாக்குதல் ஒழியும் என்போர் கண்டியின் வரலாற்றைக் கற்றல் வேண்டும். கண்டி இராச்சியத்தின் எல்லை வழிகளைச் சிங்களத்தில் ‘கடவத்த’ எனப்பட்ட முள்வாயில்கள் காத்தன. 1803இல் ஆங்கிலப் படை அவற்றைக் கடந்து தலைநகருள் புகுந்தது. அதனை அழித்தவை காய்ச்சலும் கண்டியரின் எதிர்ப்புமே. 1815இலோ மன்னனிடம் மனம் முறிந்த பிரதானிகள் ஆங்கிலேயருடன் சேர்ந்தனர். கண்டி எளிதில் வீழ்ந்தது. காடும் மலையும் முன்போலவே இருந்தன; மாறியது மனம்.

1998 ஜனவரி 25இல் விடுதலைப் புலிகளின் வெடிகுண்டு லொறி வீதித் தடைகளை உடைத்துச் சென்று தலதா மாளிகை வாயிலில் வெடித்தது. அப்பாவிகள் மாண்டனர், அக்கொடுமைக்கு நியாயமே இல்லை. தடை, தாக்குதலைத் தாமதிக்கச் செய்யலாம். சில உயிர்களைக் காக்கலாம். ஆனால் பகைமையின் வேரை அது தொடுவதில்லை. தமிழன் என்பதனாலேயே தோட்டத் தொழிலாளியைச் சந்தேகித்து நிறுத்திய சோதனைச் சாவடி, அவ்வேருக்கு நீரன்றோ வார்த்தது?