சால என்பதும் போதும் என்பதும்

மைசூர் தேவராஜ மொஹல்லாவில், டஃபரின் பிரபுவின் வருகையை ஒட்டி 1886-இல் எழுப்பிய சின்ன மணிக்கூண்டைத் தாண்டினால் தேவராஜா மார்க்கெட். பூக்கடை வரிசையில் மல்லிகையை அளந்து கொடுக்கிறார்கள். நம் முழம் கன்னடத்தில் மொள; இரு கைகளையும் விரித்த நீளம் மாரு. வேண்டிய அளவு வந்ததும் வாங்குகிறவர் ‘ஸாக்கு’ என்கிறார். போதும் என்று பொருள். தமிழ்க் காதுக்கு இது அந்நியச் சொல் அல்ல. ‘சாலச் சிறந்தது’ என்கிறோமே, அந்தச் சால-வின் உடன்பிறப்பு. தெலுங்கில் சாலு என்றால் போதும். சாலா என்றால் நிறைய. ஒரே வேர், கன்னடத்தில் அளக்கும் கையை நிறுத்துகிறது. தமிழில் மிகுதியைச் சொல்கிறது. தெலுங்கில் இரண்டையும் செய்கிறது.

எல்லையும் மிகுதியும் ஒரு வேரில் கிளைத்திருப்பது எனக்குத் தீராத வியப்பு. ஆங்கிலத்திலும் இப்படியொரு கூட்டம் உண்டு. கிரிக்கெட் பார்ப்பவர்கள் அறிந்த பவுண்டரிக்குள் இருக்கும் ‘பவுண்ட்’ எல்லையைக் குறிப்பது. இடைக்கால லத்தீனிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. அதே ஒலியுள்ள இன்னொரு ‘பவுண்ட்’ துள்ளிப் பாய்வதைக் குறிக்கும். அதன் பிரெஞ்சு மூலத்துக்கு முதலில் எதிரொலித்தல் என்றுதான் பொருள். துள்ளல் பிறகு வந்தது. ‘அபவுண்ட்’ என்பது பெருகிக் கிடத்தல். அதனுள் இருப்பது அலையைக் குறிக்கும் லத்தீன் சொல். கரை மீறி வழியும் நீர்தான் அந்த மொழிக்கு மிகுதி. அழகான எண்ணம். ஆனால் இந்த மூன்றும் காதுக்குத்தான் உறவு, பிறப்பால் ஒட்டில்லை. கவிஞர்களுக்குக் காலம் தற்செயலாகக் கொடுத்த கொடை அது.

தமிழில் அந்த உறவு பொருளிலேயே இருக்கிறது. அதைப் பார்க்க உரிச்சொற்களிடம் போகவேண்டும். மிகுதிக்குத் தொல்காப்பியர் சொன்னவை உறு, தவ, நனி. நன்னூல் செய்த பவணந்தி முனிவர் சால, கூர், கழி மூன்றையும் சேர்த்து ஆறாக்கினார். அவரை நூல் செய்யச் சொன்ன சீயகங்கன் கங்கர் குலத்தவன். கோலாரின் தலைவன் என்பது அவன் பட்டங்களில் ஒன்று. இன்றைய கர்நாடகத்து ஊரொன்றின் பெயரைச் சூடியவன் தமிழுக்கு இலக்கணம் கேட்டு வாங்கினான் என்பதை மைசூரில் நின்று நினைக்கும்போது மனம் நிறைகிறது.

ஆறுக்கும் ஒரே பொருள் என்று பள்ளியில் மனப்பாடம் செய்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம். வாயில் போட்டு மெல்ல மென்றால் ருசி வேறு வேறு. சால-வின் மிகுதி விளிம்புவரை வந்து நிற்கும். சால்பும் சான்றோரும் அந்த நிறைவில் பிறந்தவை. கழி விளிம்பைக் கடந்துவிட்டது. கழிபேருவகை கொண்டவன் தன்வசத்தில் இல்லை. கூர் என்பதோ குவிந்த மிகுதி. விண்ணப்பத்தில் ‘அன்புகூர்ந்து’ என்று எழுதுகிறவர் அன்பைப் பரப்பச் சொல்லவில்லை, தன் பக்கம் குவிக்கச் சொல்கிறார்.

இவற்றையெல்லாம்விட எனக்கு உயிரான சொல் கடி. தொல்காப்பியத்தில் அதற்கு முதலில் எண்ணப்படும் பொருள்கள் 10, நன்னூலில் 13. மிகுதி அதில் உண்டு, விரைவு உண்டு, காப்பு உண்டு, விலக்கி நிறுத்தும் வரைவும் உண்டு. ஆங்கிலம் மூன்று வேர்களில் வைத்ததைத் தமிழ் இரண்டே எழுத்தில் வைத்துவிட்டது. எது பொருள் என்று கடி தானாகச் சொல்லாது, அடுத்து நிற்கும் சொல் சொல்லும். கடிமலர் என்றால் மணக்கும் மலர். கடிமதில் என்றால் காவலுள்ள மதில். கடிமரம் என்றால் பகைவன் நெருங்க முடியாத காவல்மரம். பழையன் என்னும் தலைவனின் காவல்மரமான வேம்பைச் சேரன் செங்குட்டுவன் வெட்டியது வெறும் மரவெட்டு அன்று, வெற்றியின் அறிவிப்பு. இவற்றை வேறு வேறு சொற்களாகப் பிரித்துப் பார்க்க எனக்கு மனமில்லை. ஒரே உறைப்பு எல்லாவற்றிலும் ஓடுகிறது. மணம் உறைத்தால் நறுமலர், வேகம் உறைத்தால் விரைவு, தடை உறைத்தால் காவல்.

துள்ளலுக்குப் பாய் என்ற சொல்லே போதும். புலியும் பாயும், வாய்க்காலில் நீரும் பாயும். தாவுவதையும் பெருகி ஓடுவதையும் ஒரே வினையில் பார்த்த கண் எவ்வளவு கூர்மையானது!

எல்லைக்கு வரை. கோடும் வரை, மலையும் வரை, ‘அதுவரை’ என்று நாம் நாள்தோறும் போடும் முற்றுக்கோடும் வரை. பெருங்கொடையைச் சொல்லவேண்டிய இடத்தில் புலவர்கள் இந்த எல்லைச் சொல்லையே எடுத்தார்கள். அதற்கு எதிர்மறை பூட்டி, வரையாது கொடுத்தான் என்றார்கள். இன்னார்க்கு, இவ்வளவு என்று கோடு கிழிக்காதவன். பறம்பு என்னும் வரைக்கு உரிய பாரி அப்படிப்பட்டவன். மூவேந்தர் வந்து முற்றுகையிட்டபோது அவனிடம் மிஞ்சியிருந்தது அந்த மலை மட்டும்தான். முந்நூறு ஊர்களையும் பரிசிலர் முன்பே பெற்றுப் போயிருந்தார்கள்.