நிறம் சொல்லாத சத்தம்

முதல் மெக்கானிக்கல் கீபோர்டு வாங்கப் போகிறவரை எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: நீலமா, பழுப்பா, சிவப்பா? ஜெர்மனியின் செர்ரி நிறுவனம் 1980களில் கொண்டுவந்த எம்எக்ஸ் சுவிட்சுகளின் தண்டு நிறங்கள் இவை. பிறகு வந்த சீனத் தயாரிப்பாளர்களும் பெரும்பாலும் அதே நிறவரிசையை எடுத்துக்கொண்டார்கள். புதியவருக்கு அது பெரிய சௌகரியம். சிவப்பு தடையில்லாமல் இறங்கும், பழுப்பில் நடுவழியில் ஒரு சிறு மேடு விரலில் தட்டும், நீலத்தில் மேட்டோடு 'கிளிக்'கும் சேரும்.

விரலுக்கு இந்த வழிகாட்டல் போதும். காதுக்கு? நீலத்தில் மட்டும் நிறத்தை அப்படியே நம்பலாம். அதன் தண்டின் கீழ்ப்பகுதியை வெள்ளைப் பிளாஸ்டிக் துண்டு ஒன்று தளர்வாகச் சூழ்ந்திருக்கும். மேட்டைத் தாண்டியதும் அது சட்டென்று கீழே பாய்ந்து மோதும். எவ்வளவு மெதுவாக அழுத்தினாலும் அந்தச் சத்தம் வந்தே தீரும். பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து வேலை செய்யும் அறைக்கு நீலம் வேண்டாம்.

ஆனால் 'சிவப்பு என்றால் அமைதி' என்று சொல்லி விற்கிறார்களே, அங்கேதான் கோளாறு. சிவப்பு சுவிட்ச் 2 மி.மீ. இறங்கியதுமே எழுத்து பதிவாகிவிடும். மொத்த ஆழமோ 4 மி.மீ. தடுக்க மேடு எதுவும் இல்லாததால் விரல் அடிவரை போய் இடிக்கும். கையை எடுத்ததும் ஸ்பிரிங் தண்டை மேலே தள்ள, அது மேல்மூடியில் இன்னொரு முறை இடிக்கும். பழுப்பிலும் இதே கதைதான்; அதை நடுநிலையான தேர்வென்று சிபாரிசு செய்கிறவர்கள் இதைச் சொல்வதில்லை. தட்டச்சுப் பயிலகத்தில் பழைய இயந்திரத்தில் ஓங்கி அடித்துப் பழகியவர் கையில் எந்த நிறமும் சத்தம் போடும்.

இரு முனையிலும் மெத்தென்ற ரப்பர் வைத்த 'சைலண்ட்' சுவிட்சுகள் இந்த இடியைத் தணிக்கும். அடியில் கொஞ்சம் கொழகொழப்பு தெரியும். இரவில் எழுதுகிறவர் அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

சுவிட்சோடு சம்பந்தமே இல்லாத சத்தமும் உண்டு. ஸ்பேஸ் பார், என்டர் போன்ற நீளமான விசைகள் சாயாமலிருக்க அடியில் ஒரு கம்பி இருக்கும்; அதுதான் ஸ்டெபிலைசர். கம்பி தளர்வாக இருந்தால் ஒவ்வொரு சொல்லுக்கு நடுவிலும் கடகடக்கும். கம்பியின் முனையில் கெட்டியான கிரீஸ் தடவினால் பெரும்பாலும் அடங்கிவிடும். உள்ளே காலியான கூடும், வெறும் மர மேசையும் சத்தத்தைப் பெருக்கும். தடித்த விரிப்பு ஒன்றைப் போட்டாலே வித்தியாசம் தெரியும்.

யூடியூபில் ஒலிச் சோதனை பார்த்து முடிவெடுப்பதையும் நான் பெரிதாக நம்புவதில்லை. மைக் எவ்வளவு பக்கத்தில் இருந்தது, மேசை எப்படிப்பட்டது என்பது நமக்குத் தெரியாது. அதைவிட, சாலிடர் செய்யாமல் சுவிட்சைக் கழற்றி மாற்றக்கூடிய 'ஹாட்-ஸ்வாப்' பலகை வாங்குவது மேல். நிறம் பிடிக்காவிட்டால் சுவிட்சுகளுக்கு மட்டும் செலவு. ஸ்டெபிலைசர் மட்டும் பழையதே இருக்கும் என்பதால், கடையில் ஸ்பேஸ் பாரின் இரண்டு ஓரங்களையும் தட்டிப் பார்த்தே வாங்க வேண்டும்.