மூன்று சுழிப் பட்டன்

ஓமலூர்க் கடைவீதியில் லைனிங் துணியும் நூலும் வாங்குகிறவர்கள் கடைசியில் ஞாபகம் வந்து கேட்பது பிரஸ் பட்டன்.

"ஒரு அட்டை குடுங்க."

"சின்னதுங்களா, பெருசுங்களா?"

"ஏதோ ஒண்ணு குடுங்க."

அந்த 'ஏதோ ஒண்ணு' எனக்குப் பொறுக்காது.

தைத்து வைக்கும் பிரஸ் பட்டனுக்கு வெளிநாட்டு அட்டைகளில் எண் உண்டு. 4, 3, 2, 1 என்று இறங்கி, பூஜ்யத்தோடு நின்றுவிடாமல் இரண்டு சுழி, மூன்று சுழி, நான்கு சுழி என்று போகும். சுழி கூடக் கூடப் பட்டன் சிறுக்கும். நாலு சுழிப் பட்டன் ஒரு மிளகளவுதான் இருக்கும். நம் கடைகளில் சின்னது, நடுத்தரம், பெரியது என்பதோடு சரி. மீதியைத் தையல்காரரின் விரல் பார்த்துக்கொள்ளும்.

அந்த விரல் முதலில் தடவிப் பார்ப்பது துணியைத்தான். பட்டனைத் திறக்க இழுக்கும் விசை முழுவதையும் வாங்கிக்கொள்வது, நாலு துளை வழியே நூல் பிடித்திருக்கும் அந்தச் சிறு வட்டத் துணி. இளம்பிள்ளைச் சேலையோடு வந்த மெல்லிய ரவிக்கைத் துணியில் பெரிய பட்டனை வைத்தால், பட்டன் விடுவதற்குள் இழை விலகிவிடும். பட்டனின் பிடி துணியின் வலுவுக்கு ஒரு படி கீழேதான் நிற்க வேண்டும். அளவு பார்ப்பதன் நயமெல்லாம் இந்த ஒரு படியில் இருக்கிறது.

பிடி எங்கிருந்து வருகிறது? ஆண் பாதியின் குமிழைப் பாருங்கள்: தலை அகலம், கழுத்து ஒடுக்கம். பெண் பாதியின் குழிக்குள் மெல்லிய கம்பி. தலை நுழையும்போது கம்பி விலகி வழிவிடும். கழுத்து வந்ததும் மீண்டும் நெருங்கும். அந்த 'டிக்' இதுதான். ஜெர்மனியில் ஹெரிபர்ட் பாவர் 1885இல் பிரஸ் பட்டனுக்குக் காப்புரிமை வாங்கினார், அதுவும் ஆண்கள் கால்சட்டைக்காக. 1903இல் ஹான்ஸ் பிரிம் அதற்குள் வளைந்த கம்பியை வைத்தார். ரவிக்கைக்கு வந்து சேர்ந்த பொருள் கால்சட்டையில் பிறந்தது என்பது எனக்கு இன்றும் வேடிக்கைதான்.

அதற்காக ரவிக்கை முழுக்க இதையே வைக்க முடியாது. மார்புப் பக்கத்து ஓயாத இழுவைக்குக் கொக்கிதான். கொக்கிக்கு மேலே கழுத்து மூலை தூக்காமல் படிய ஒரு சின்னப் பட்டன். அகலக் கழுத்து ரவிக்கையின் தோளுக்குள், உள்பட்டி நழுவாமல் பிடிக்கும் ரிப்பனின் நுனியில் அதைவிடச் சின்னது. இந்த இரண்டாவது இடத்தில்தான் மூன்று சுழி தன் அருமையைக் காட்டும். வெளியே ஒரு மேடுகூடத் தெரியாது.

வைக்கிற விதமும் ரசிக்கத்தக்கது. குமிழ்ப் பாதியை மேல் மடிப்பின் உள்பக்கத்தில், ஊசி வெளித்துணிக்கு வராமல் தைப்பார்கள். பிறகு குமிழில் சாக்கைத் தேய்த்து எதிர்த்துணியில் ஓர் அழுத்து. விழுந்த புள்ளிதான் ஜோடியின் இடம். ஸ்கேல் வைத்து அளந்தாலும் இவ்வளவு சரியாக வராது.

திருப்பூர்க் குழந்தை உடுப்புக் கதை வேறு. அங்கே ஊசி நூல் இல்லை; பல் வைத்த வளையத்தைத் துணியில் குத்தி மடக்குகிறார்கள். பல் குட்டையானால் துணியைப் பிடிக்காது. நீளமானால் கோணலாக மடங்கும். பின்னலாடை இழுபடும் என்பதால் அடியில் இன்னொரு துணியும் கொடுப்பார்கள். பட்டன் கழன்றால் பிள்ளையின் வாய்க்குத்தான் போகும், ஆகவே அங்கே பல்லின் பிடி தளரவே கூடாது.

இப்போது நிறமில்லாத பிளாஸ்டிக் பட்டனும் வருகிறது. கண்ணில் படாது என்று வாங்குகிறார்கள். கம்பி இல்லாத அந்தப் பிடி எனக்கு ருசிக்கவில்லை. இஸ்திரிப் பெட்டி தெரியாமல் பட்டாலும் போச்சு. பட்டு ரவிக்கைக்கு நான் கேட்பது பித்தளையில் வெள்ளிப் பூச்சுப் போட்ட பழைய சின்னப் பட்டன்தான்.