கனத்தோடு ஆடும் கால்கள்

பாலே ஆடுகிறவள் விரல்நுனியில் எழும்போது, உடம்புக்கு எடையே இல்லையென்று நம்மை நம்பவைத்துவிடுவாள். மலேசியாவின் பத்துமலைத் தைப்பூசத்தில் நடப்பது நேர் எதிர். ஆற்றில் குளித்துக் காவடி ஏற்றி வருகிறவரின் கால்களைப் பாருங்கள். உறுமி மேளம் இழுத்து முனகும். குதிகால் எழும், முழங்கால் சற்றே மடியும், இடுப்பு சுழலும். தோளுக்கு மேல் மயிலிறகு விரிந்த வளைவோ ஒரு நொடி பிந்தித்தான் திரும்பும். எனக்கு அந்தப் பிந்துதல்தான் அழகு. கனம் அங்கே ஒளிவதில்லை, கூடவே ஆடுகிறது.

மேடை நடனத்தில் பாலேயும் பரதமும் முன்பே சந்தித்துவிட்டன. பரதக் கலைஞர் ருக்மிணி தேவி முதலில் கற்றது பாலேதான். உன் நாட்டு நடனத்தைப் பார் என்று அவரைத் திருப்பிவிட்டவர் ரஷ்ய நர்த்தகி அன்னா பாவ்லோவா. 1936இல் அவருடைய நடனப் பள்ளியான கலாக்ஷேத்ரா பிறந்தது. அங்கே பயின்ற அடையாறு லக்ஷ்மணனிடம் பரதம் கற்றவர்களில் ஒருவர் காஜாங்கில் பிறந்த ராம்லி இப்ராகிம். இவரும் பாலேயிலிருந்து வந்தவர். சிட்னி நடனக் குழுவில் ஆடியவர். 1983இல் கோலாலம்பூரில் சூத்ரா நடனக் குழுவைத் தொடங்கினார்.

காவடிக்காரருக்கு இந்த வம்சாவளி எதுவும் தேவையில்லை. குகைக் கோயிலுக்கு ஏறும் 272 படியின் அடிவாரத்தில் நிற்கிறார். பின்னால் வரும் தம்பி முக்காலியை நீட்டுகிறான். உட்காராமல் தலையசைக்கிறார். உறுமிக்காரர் குச்சியை மறுபடி தோலில் வைக்கிறார்.