தேயிலைப் பூவும் கொழுந்து பறிக்கும் கையும்

பம்பலப்பிட்டியிற் காலி வீதிக் கடைகளில் நாம் காணும் தேயிலைப் பெட்டிகளின் படங்களிற் கொழுந்து உண்டு, கூடை சுமந்த பெண்ணும் உண்டு, பூ இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஜெர்மனியில் வெளிவந்த கோலரின் மருந்துத் தாவர நூலிலுள்ள ஓவியத்திலோ வெண்ணிற இதழ், மஞ்சள் மகரந்தத்தாள், விதை யாவும் துலக்கமாக உள. மண்ணும் மனிதரும் இல்லை.

இதனை ரசனை வேறுபாடு என்று மட்டும் கொள்ளுதல் போதாது. தாவரவியலாளருக்குப் பூ இனங்காணும் ஆதாரம். தோட்ட முதலாளிக்கு அது நட்டம். விட்டால் மரமாகும் செடி, கவாத்து வெட்டப்பட்டு, ஏறக்குறைய கிழமைக்கொருமுறை கொழுந்து பறிக்கப்பட்டு, இடுப்பளவில் நிறுத்தப்படுகிறது, பூப்பது அரிதாகிறது. (விதைக்கென வளரவிட்ட மரங்களிற் பூவுண்டு, கமரா அங்கு செல்வது குறைவு.) எனவே புகைப்படத்திற் பூவின் இன்மை உழைப்பின் சுவடேயாகும். நாமோ அதனை இயற்கைக் காட்சியென ரசித்துப் பழகிவிட்டோம்.

1867இல் லூல்கந்துரையிலே தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லரின் பெயர் பாடநூலில் உண்டு. பேராதனைப் பூங்காவின் ஓவியர் ஹரமானிஸ் டி அல்விஸின் பெயரும் தாவரவியல் வரலாற்றில் நிலைத்தது. காலனித்துவகாலத் தபாலட்டைகளிற் கூடை சுமந்து நிற்பவளுக்கோ பெரும்பாலும் இனப்பெயரும் தொழிற்பெயருமே உள.