வேலை போன சொற்கள்

கி.ரா. பேச்சை எடுத்தாலே நம் ஆட்களிடம் ஒரு பெருமூச்சு வந்துவிடுகிறது. "அந்தச் சொல்லெல்லாம் இப்ப யாருக்குத் தெரியும்?" 2021 மே 17 அன்று புதுச்சேரியில் அவர் இறந்தபோது நான் படித்த அஞ்சலிகளில் பாதி இந்தப் பெருமூச்சுதான். அவரைத் தொலைந்த சொற்களின் மியூசியமாக வாசிப்பது அவருடைய நாவல்களுக்கே எதிரானது என்று எனக்குப் படுகிறது.

'கோபல்ல கிராமம்' (1976) என்ன சொல்கிறது? தெற்கே தப்பி வந்த தெலுங்கு பேசும் கூட்டம் ஒன்று காட்டைத் திருத்தி ஊராக்குகிறது. நூறு வயதைத் தாண்டிய மங்கத்தாயாரு அம்மாள் அந்தக் கதையைச் சொல்கிறாள். கி.ரா.வின் வீட்டு மொழியும் தெலுங்குதான். நாம் 'அசல்' என்று கும்பிடும் கரிசல் தமிழில் வந்தேறியவர்களின் உழைப்பும் கலந்திருக்கிறது.

அதனால் அது மாறத்தான் செய்யும். கமலை இறைத்த காலத்தில் கூனை, வடம், வால்கயிறு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் இருந்தது. பம்புசெட் வந்தது. இப்போது ஒரு சுவிட்ச். அந்தச் சொற்களை யாரும் விரட்டவில்லை. வேலை போனது, பின்னாலேயே சொல்லும் போனது. எங்கள் கோடில் யாரும் கூப்பிடாத ஃபங்ஷன் சில வருஷம் சும்மா கிடக்கும். பிறகு ஒருநாள் யாரோ சத்தமில்லாமல் அழித்துவிடுவார்கள். அந்த மாதிரிதான்.

1982இல் வந்த அவருடைய கரிசல் வட்டார வழக்கு அகராதி ஒரு பெரிய காரியம், சந்தேகமில்லை. ஆனால் அகராதி பொருளைத் தரும். சொல் பார்த்த வேலையைக் கதைதான் தரும். 'கதவு' எல்லோருக்கும் தெரிந்த சொல். வரி பாக்கிக்காகப் பறிபோன ஒரு கதவு அந்தக் குழந்தைகளுக்கு என்னவாக இருந்தது என்பதற்கு அந்தச் சிறுகதையைத்தான் படிக்க வேண்டும்.

'கோபல்லபுரத்து மக்கள்' மீது ஒரு புகார் உண்டு. பிற்பகுதியில் சுதந்திரப் போராட்டம் நுழைந்ததும் பேச்சின் ருசி குறைந்து, செய்தித்தாள் வாடை வந்துவிடுகிறது என்பார்கள். வாசிக்கும்போது எனக்கும் அலுப்புத் தட்டியது. ஆனால் நடந்ததும் அதுதானே? ஊர் தன்னைப் பற்றிப் பேசுவதை விட்டு நாட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்தபோது, பேப்பரின் மொழியில்தான் பேசியது. ஒரு தலைமுறையின் வாய் மாறிய கதையை அந்த நாவல் தன் உடம்பிலேயே காட்டுகிறது. 1991இல் சாகித்ய அகாதமி பரிசு வாங்கிய இந்த நாவலின் பலவீனமும் முக்கியத்துவமும் எனக்கு ஒரே இடத்தில்தான் தெரிகின்றன.

எண்பதுகளின் கடைசியில் பல்கலைக்கழக வேலைக்காகப் புதுச்சேரி வந்தவர், பிறகு இடைசெவலுக்குத் திரும்பாமல் இங்கேயே இருந்துவிட்டார். இங்கே அவர் வயதுக்காரர்களிடம் இருந்தது வேறொரு கையிருப்பு. 1954 நவம்பர் 1 வரை பிரெஞ்சு நிர்வாகம் நடந்த ஊர் இது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர் 'சொல்தா'. அந்தச் சொல்லை இப்போது பெரியவர்கள் வாயில்தான் கேட்கிறேன். 'கொம்யூன்' மட்டும் திடமாக இருக்கிறது, ஏனென்றால் கொம்யூன் பஞ்சாயத்து இருக்கிறது, அதற்கு ஆபீஸும் போர்டும் இருக்கின்றன. கமலைக்குப் பொருந்திய கணக்கு இங்கேயும் பொருந்துகிறது.

நமக்கும் பொருந்தும். 'மிஸ்டு கால்' ஞாபகம் இருக்கிறதா? ஒரு ரிங் விட்டால் வந்து சேர்ந்துவிட்டேன். ரெண்டு ரிங் விட்டால் திருப்பிக் கூப்பிடு. காசில்லாத பிள்ளைகள் உண்டாக்கிய ஒரு முழு மொழி அது. அன்லிமிடெட் பேக் வந்தது, அதற்கும் வேலை போய்விட்டது. முப்பதுகளில் இருக்கும் நாமே ஒரு மொழியைத் தொலைத்துவிட்டு நிற்கிறோம். அதை எழுதிவைக்காமல், கி.ரா.வின் கூனைக்காகப் பெருமூச்சு விடுகிறோம்.

அவரிடம் எடுத்துக்கொள்ள வேண்டியது சொற்பட்டியல் இல்லை என்பேன். பக்கத்தில் பேசுகிறவரின் வாயை உற்றுக் கேட்கும் அந்தப் பழக்கம். அதற்குக் கரிசலில் பிறந்திருக்க வேண்டியதில்லை.